வேர் மாத்திரையும் வியாபாரியின் வாக்கும்



மளிகையோடு நாட்டு மருந்தும் சேர்த்து விற்கிற கடைக்காரன் நான். என் தந்தையார் காலத்தில் அமுக்கராக் கிழங்கு சாக்கில் வரும். இடித்துச் சலித்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்போம். பிறகு சூரணமாக டப்பாவில் வந்தது. அதன்பின் மாத்திரையாக வந்தது. இப்போது ‘நொதிக்க வைத்த வேர் மாத்திரை’ என்று ஒரு புதுச் சரக்கு வந்திருக்கிறது. அறுபது மாத்திரை கொண்ட ஒரு சிறு பாட்டிலில் நிற்கிற லாபம் ஒரு மூட்டை அரிசியில் நிற்பதில்லை. அதனால் என் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கொடுத்தேன். உங்களில் பலரும் கொடுத்திருப்பீர்கள்.

இதை விற்கலாமா கூடாதா என்று கேட்க நான் இதை எழுதவில்லை. முறையான சரக்கென்றால் தாராளமாக விற்கலாம். விற்கும்போது நம் வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறது என்பதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் என் கடையில் நடந்த ஒரு சம்பவம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் கடையில் நடந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி ஏஜென்ட் வந்தார். பத்து பாட்டில் எடுத்தால் இரண்டு இலவசம் என்றார். கூடவே ஓர் அழகான போர்டும் கொடுத்தார். சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம், நரம்புத் தளர்ச்சி அனைத்துக்கும் ஒரே மாத்திரை என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. நானும் வாங்கிக் கடை முகப்பில் தொங்கவிட்டேன்.

எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிற ஓர் அம்மாள் நெடுநாள் வாடிக்கை. பல வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர். “அண்ணாச்சி, இதை நான் சாப்பிடலாமா?” என்று கேட்டார். “தாராளமா சாப்பிடுங்கம்மா, வேருதானே, ஒன்னும் பண்ணாது” என்று சொல்லி ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். சொல்வதற்கு எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு மாதம் கழித்து அவருக்குப் படபடப்பு தொடங்கியது. இரவில் தூக்கம் இல்லை. கை நடுக்கத்தில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்ததில் தைராய்டு அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இந்த வேர் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் கூட்டும், ஏற்கெனவே அதே சத்தை மாத்திரையாகச் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து மிஞ்சிப் போயிருக்கலாம், உடனே நிறுத்துங்கள் என்றாராம். நிறுத்திய சில வாரங்களில் உடம்பு சரியாயிற்று.

அந்த அம்மாள் மீதி மாத்திரையோடு பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “பணம் வேண்டாம் அண்ணாச்சி. போர்டைப் பார்த்து நான் வாங்கல. நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று இரவு கடையை அடைத்தபின் பூதக் கண்ணாடி வைத்து அந்த லேபிளைப் படித்தேன். ‘நொதிக்க வைத்தது’ என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்தது. ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் வேர் என்று இல்லை. வேரா, இலையா, முழுச் செடியா என்றும் இல்லை. எதைக் கொண்டு எத்தனை நாள் நொதிக்க வைத்தார்கள் என்றும் இல்லை. அதற்குள் நாற்பது பாட்டிலுக்கு மேல் விற்றிருந்தேன். அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம், கடித்துப் பார்க்கிறோம். மருந்தை மட்டும் படிக்காமல் வாங்கியிருக்கிறேன்.

நொதிக்க வைப்பது புதிதல்ல

அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமுக்கரா நமக்குப் பழைய சரக்கு. வடமொழியில் அஸ்வகந்தா. பச்சை வேரில் குதிரை வாடை அடிப்பதால் வந்த பெயர். மத்தியப் பிரதேசத்தின் நீமுச், மந்த்சௌர் வட்டாரங்களில் இதை ஏராளமாகப் பயிர் செய்கிறார்கள். மொத்த வியாபாரிகளுக்கு நீமுச் மண்டி தெரிந்த இடம்தான். சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகும். கிழங்கைப் பாலில் பிட்டவியலாக அவித்துச் சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். நம் முன்னோர் வேர்தானே என்று சும்மா விட்டுவிடவில்லை. அளவும் வைத்தார்கள், சுத்தியும் வைத்தார்கள்.

நொதிக்க வைப்பதும் பழைய முறைதான். அரிஷ்டம், ஆசவம் எல்லாம் அதுவே. அரிஷ்டம் செய்ய மருந்துச் சரக்கைக் கஷாயமாக்கி, வெல்லமோ தேனோ கலந்து, காட்டாத்திப் பூவைப் போட்டு, வாயை மூடிச் சீலை செய்து, பல நாள் அசையாமல் வைப்பார்கள். பூவோடு வருகிற நுண்ணுயிர் இனிப்பைத் தின்று ஆல்கஹாலை உண்டாக்கும். அந்த ஆல்கஹால் சரக்கின் சத்தை இழுத்துக் கரைக்கும், மருந்தையும் கெடாமல் காக்கும். அஸ்வகந்தாரிஷ்டம் இப்படிப்பட்டதுதான்.

இப்போது வருகிற மாத்திரை அது அல்ல. வேரையோ வேரின் சாரத்தையோ தொழிற்சாலையில் ஏதோ ஒரு நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்க வைத்து, உலர்த்திப் பொடியாக்கி, மாத்திரையாக அழுத்துகிறார்கள். இதில் சௌகரியம் இருப்பதை மறுக்க முடியாது. அளவு ஒரே சீராக இருக்கும். வெல்லமும் ஆல்கஹாலும் சேர்ந்த அரிஷ்டத்தைச் சாப்பிடக் கூடாதவர்களுக்கு உதவும். பொடி போல வண்டு விழாது. ஆனால் அரிஷ்டத்துக்கு இருக்கிற நூற்றாண்டு அனுபவத்தை இந்த மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. பெயரில் நொதித்தல் இருந்தாலும் செய்முறை வேறு, சரக்கும் வேறு.

கொரியா வேரின் கதை

நொதிக்க வைத்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. அது கொரியாவின் ஜின்செங் வேரிலிருந்து வந்தது. அந்த வேரிலுள்ள ஜின்செனோசைடு என்னும் சத்தோடு சர்க்கரைக் கண்ணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைக் கழற்றிவிட்ட பிறகுதான் சத்து உடம்பில் எளிதாக ஏறும். இந்த வேலை எல்லோர் குடலிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஆகவே வேரை முன்கூட்டியே நொதிக்க வைத்து, அந்த வேலையை வெளியிலேயே முடித்துவிடுகிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அமுக்கரா ஜின்செங் அல்ல. ‘இந்திய ஜின்செங்’ என்பது விற்பனைக்காக வைத்த பட்டப் பெயர். ஜின்செங் ஒரு குடும்பம், அமுக்கரா நம் கத்தரிக்காய், தக்காளியின் குடும்பம். அதில் உள்ள வித்தனோலைடு என்னும் சத்தும் வேறு. ஒரு வேரில் கண்ட பலனை இன்னொரு வேருக்கு ஏற்றிச் சொல்வது, பக்கத்துக் கடையின் தராசு முத்திரையைக் காட்டி நம் தராசில் நிறுத்துக் கொடுப்பது போன்றது.

பலனும் உண்டு, பாதகமும் உண்டு

அமுக்கரா வேருக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், மன அழுத்தம் உள்ள 64 பேரில் ஒரு பகுதியினருக்கு வேரின் சாரத்தை 300 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை இரண்டு மாதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். சாரம் சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்தம் அதிகமாகக் குறைந்தது. தூக்கத்துக்கு உதவுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. இவை சிறிய ஆய்வுகள். சில வாரங்களே நடந்தவை. நொதிக்க வைக்காத சாரத்தைக் கொண்டு நடந்தவை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2020இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா சாப்பிட்டு மஞ்சள் காமாலை கண்ட ஐந்து பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். நிறுத்திய பின் நால்வருக்குக் கல்லீரல் பரிசோதனை சில மாதங்களில் சீரானது; ஒருவரின் நிலை பிறகு தெரியவில்லை. 2023இல் நம் நாட்டு மருத்துவர்களே அப்படி எட்டுப் பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில், முன்பே கல்லீரல் கெட்டிருந்த மூவர் இறந்துபோனார்கள். அதே 2023இல் டென்மார்க் நாடு அஸ்வகந்தாவுக்குத் தடையே போட்டது. கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிற பொருளில் இது அபூர்வம்தான். அச்சப்படத் தேவையில்லை. ஆனால் ‘ஒன்னும் பண்ணாது’ என்ற வார்த்தை பொய் என்பது நிச்சயம். கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

இன்னொன்று கலப்படம். வேரைவிட இலை மலிவு. இலையிலும் வித்தனோலைடு உண்டு என்பதால், சாரத்தில் இலையைச் சேர்த்தாலும் சோதனையில் சதவீதம் வந்துவிடும். ஆனால் இலையின் குணம் வேறு. இதனால்தான் மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அஸ்வகந்தா இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. லேபிளில் ‘வேர்’ என்று இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

சட்டம் நம்மையும் பிடிக்கும்

தயாரித்தவன்தானே பொறுப்பு, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அப்படியில்லை.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய், உடல் பருமன் முதலிய பல நோய்களின் பெயரைச் சொல்லிக் குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் விளம்பரம் என்றால் பத்திரிகையும் டி.வி.யும் மட்டுமல்ல. நோட்டீஸ், லேபிள், மேலுறை, வாயால் செய்கிற அறிவிப்புகூட அதில் அடங்கும். என் கடை முகப்பில் தொங்கிய போர்டு எதில் சேர்த்தி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் நமக்கு இரண்டு பிடி இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுக்காத உறுதிமொழியைக் கடைக்காரர் தானாகக் கொடுத்து, அது பொய்த்துத் தீங்கு நேர்ந்தால் கடைக்காரர் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றிருந்தாலும் கடைக்காரர் பொறுப்பு. பில் இல்லாமல் மலிவாக வருகிற சரக்கை வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவதை நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்கத்தான் உரிமம் வேண்டும். அவற்றை விற்க இங்கிலீஷ் மருந்துக் கடை போல உரிமம் வாங்கச் சட்டம் சொல்லவில்லை. சென்னை ராசப்பா செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளும், கிராமத்து மூலைக் கடையும் இந்தச் சுதந்திரத்தில்தான் நடக்கின்றன. நாளைக்கு நாலு பேருக்குக் கல்லீரல் கெட்டுப் பத்திரிகையில் செய்தி வந்தால், முதலில் பறிபோவது இந்தச் சுதந்திரம்தான். உரிமம், ஃபார்மசிஸ்ட், இன்ஸ்பெக்டர், ரிஜிஸ்டர் என்று ஒவ்வொன்றாக வரும். பெரிய கடை தாங்கும். சிறு வணிகர் தாங்க மாட்டார்.

செய்ய வேண்டியது என்ன?

நான் இப்போது என் கடையில் கடைப்பிடிக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். உங்களுக்குச் சரியென்று பட்டால் நீங்களும் செய்யலாம்.

முதலாவது, லேபிளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். ‘சித்த மருந்து’ அல்லது ‘ஆயுர்வேத மருந்து’ என்று இருந்தால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சரக்குகளின் பட்டியல், அளவு எல்லாம் இருக்க வேண்டும். உணவுப் பொருளாக வருகிற மாத்திரை என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். அது மருந்தே அல்ல. நோயைத் தீர்க்கும் என்று அதற்குச் சொல்லவே கூடாது. இரண்டு எண்ணும் இல்லாத பாட்டிலை எத்தனை இலவசம் கொடுத்தாலும் வாங்குவதில்லை. உரிமம் இல்லாமல் தயாரித்த மருந்தை விற்பது மட்டுமல்ல, விற்பனைக்கு வைத்திருப்பதும் குற்றம்.

இரண்டாவது, ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேட்கிறேன். செடியின் எந்தப் பாகம்? ஒரு மாத்திரையில் எவ்வளவு? எந்த நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்க வைத்தீர்கள், கிருமிக்கும் கன உலோகத்துக்கும் சோதனை செய்த அறிக்கை எங்கே? நல்ல கம்பெனி ஒரு வாரத்தில் தாளை அனுப்பிவிடும். மற்றவர்கள் மறுபடி கடைப் பக்கம் வருவதில்லை. அதுவும் நல்லதற்கே.

மூன்றாவது, நோயின் பெயர் போட்ட போர்டு என் கடையில் கிடையாது.

நான்காவது, கேட்கிறவரிடம் முதலில் நான் கேட்கிறேன். “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” ஆமாம் என்றால், “இந்த லேபிளை உங்க டாக்டர்கிட்டேயோ சித்த வைத்தியர்கிட்டேயோ காட்டிட்டு வாங்க, பாட்டில் எங்கேயும் போயிடாது” என்கிறேன்.

நாம் சொல்லாவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்றுவிடுவார், போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும், நமக்கு மட்டும் நஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். எனக்கும் சில பாட்டில் விற்பனை குறைந்தது. ஆனால் போனில் வாங்குகிறவர் யாரிடம் போய் “இதை நான் சாப்பிடலாமா?” என்று கேட்பார்? நம்மிடம்தான் கேட்கிறார். பெரிய கம்பெனிகளும் ஆன்லைன்காரர்களும் விலையில் நம்மை வெல்லலாம். தெருவில் நமக்கு இருக்கிற நம்பிக்கையை அவர்கள் விலைக்கு வாங்க முடியாது. நாமாகப் பத்து பாட்டிலுக்கு இரண்டு இலவசத்துக்கு அதை விற்றுவிட்டால்தான் உண்டு.

நம் சங்கம் இதில் முன்கை எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வேர் மாத்திரை அனுப்புகிற கம்பெனிகள் லேபிளைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் கேட்போம். யாரெல்லாம் சாப்பிடக் கூடாது என்பதை லேபிளில் போடச் சொல்வோம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு சித்த மருத்துவரை அழைத்துவந்து, கடைக்காரர்களுக்கும் கடைப் பையன்களுக்கும் ஒரு மணி நேரம் பேசச் செய்வோம். செலவு டீக்காசுதான்.

அந்தத் தையல்காரம்மாள் இன்றும் என் கடைக்கு வருகிறார். பருப்பு வாங்குகிறார், எண்ணெய் வாங்குகிறார். மருந்துச் சாமான் மட்டும் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. அவர் திருப்பித் தந்த பாட்டிலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் இன்னும் பாதி மாத்திரை இருக்கிறது. அது விற்பனைக்கு அல்ல.